பொழி வெட்டிய ஐப்பசி

காயல் ஓரத்தில் கோரை அறுத்து வரம்பு போடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அஞ்சுகிராமத்தில் கேள்விப்பட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவைப் பார்க்கப் போனேன் என்று எழுதினால் அது பொய். அவளைப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. அதற்குள் நான் மலையில் ரப்பர் தோட்டத்துக்காகக் காடு வெட்டி, காய்ச்சலோடு இறங்கி, பருத்தி மூட்டை ஏற்றி, உப்பளத்தில் உப்பு வாரி, எதிலும் நிலைக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்புவரை போனதால் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அந்தப் படிப்பு வேலை தேட உதவவில்லை. கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் போகிற திமிரை மட்டும் கொடுத்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. நெல்லுக்கு விலை இருந்தது. மலையில் அணை கட்டிச் சானல் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தபின் நாஞ்சில் நாட்டில் தரிசு என்று சொல்ல நிலம் குறைந்துவிட்டது. மேட்டு நிலம் வயலாயிற்று. சின்னக் குளங்களின் கரையோரமும் வயலாயிற்று. கடைசியில் பணம் உள்ளவர்களின் கண் மணக்குடிக் காயலின் ஓரத்தில் வந்து நின்றது. அங்கே ஆள் உயரக் கோரையும் தாழம்புதரும் அடர்ந்து கிடந்த ஒரு சதுப்பு. அதில் பாதியைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு போட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, நெல் நடுவது என்று மேலே பெரிய வயல் உள்ள ஒருவர் முடிவு செய்திருந்தார். அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய காரியஸ்தர்தான் குடையும் வெற்றிலைப் பையுமாக எங்களை மேய்த்தார்.

அந்தச் சதுப்புக்கு அடுத்த மணல்மேட்டில்தான் அக்காவின் ஓலை வீடு. எங்கள் ஊர் புதுக்கடைக்கு மேற்கே. அங்கிருந்து இவ்வளவு கிழக்கே கட்டிக் கொடுக்கப்பட்டவள் எங்கள் குடும்பத்தில் இவள் ஒருத்திதான். அத்தான் பனையேறி. பனையிலிருந்து விழுந்து செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போனது அந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் அவரே வெட்டிய ஒரு கிணறும். கிணறு என்றால் பெரிய ஆழமில்லை. குனிந்து கமுகம்பாளையால் மொண்டுவிடலாம் என்ற அளவுக்குத் தண்ணீர் மேலே நிற்கும். கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. சுற்றிலும் இருந்த வீட்டுக் கிணறுகளில் எப்போதும் லேசான சவர், உப்புக் கரிப்பு, உண்டு. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அந்தத் தண்ணீர். குடிக்க அக்கா கிணறு. காலையில் குடத்தோடு நாலைந்து பெண்கள் வந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்போம். அக்கா அந்தப் பேச்சை விடவில்லை. "வெள்ளம் கோரிக்கோ பிள்ளே" என்பாள். அந்தப் பெண்கள், "ஆமா, வெள்ளம் வந்து எல்லாரும் ஒழுகப் போறோம்" என்று சிரிப்பார்கள்.

அக்காவின் பிழைப்பு நெல் அவித்துக் குத்தி விற்பது. சுசீந்திரம் பக்கத்துக் களங்களிலிருந்து வண்டியில் நெல் வரும். பெரிய மண்சால்களில் ஊறப் போட்டு, மறுநாள் அவித்து, ஓலைப்பாயில் உலர்த்தி, உரலில் குத்திப் புடைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். இந்தத் தொழிலில் நெல்லைவிடத் தண்ணீர் முக்கியம். ஊறுகிற நெல் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அதன் ருசி அரிசியில் இருக்கும். தண்ணீரில் சவர் இருந்தால் அரிசி கொஞ்ச நாளில் ஈரம் வாங்கும், கட்டி பிடிக்கும், புழுங்கல் வாடை மாறிப் பூஞ்சை வாடை வரும். அந்த வட்டாரத்தில் காயல் ஓரத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடிந்தவள் அக்கா ஒருத்திதான். கிணறு போனால் அவளுக்கு வீடு இருந்தும் இல்லாதது மாதிரி. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. கிணற்றடியில் யாராவது சோப்புப் போட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தால் அவள் முகம் போகும் போக்கிலிருந்து எனக்குத் தெரிந்தது.

நாங்கள் கோரையை அறுத்து, வேரோடு பிடுங்கி, களிமண் வெட்டிப் போட்டு வரம்பை உயர்த்தினோம். கோரை போனபின் அந்த இடம் வெறித்துப் போயிருந்தது. மழை பெய்தால் முன்பு அங்கே தண்ணீர் நாள்கணக்கில் நின்று பையப்பைய மணலில் இறங்கும். இப்போது அதை இறைவைப் பெட்டியால் காயலுக்குள் இறைத்துக் கொட்டினோம். அக்கா வாசலில் நின்று பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏலே, இந்த வெள்ளத்த எல்லாம் எறச்சு வெளிய விட்டா எனக்க கெணத்துக்கு எங்கேந்து ஊறும்?"

"கெணறு அடியிலேந்துல்லா ஊறும்" என்றேன்.

"அடியில யாரு கொண்டு வச்சா?"

நான் இறைவைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கூலி வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் எண்ணாமல் பானைக்குள் போட்டாள்.

காயல் கடலைத் தொடும் வாயில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் திட்டாக அடைபட்டுக் கிடக்கும். அதைத்தான் பொழி என்பார்கள். பெருமழையில் பழையாறு பெருகி வரும்போது காயல் நிறைந்து, பொழியைத் தானே உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். உடையப் பிந்தினால் மேலே உள்ள வயல்காரர்கள் மண்வெட்டிகளோடு வந்து வெட்டிவிடுவார்கள். எப்படியானாலும் காயல் விளிம்புவரை நிறைந்து நிற்கும்போதுதான் அது நடக்கும். உள்ளிருக்கும் தண்ணீர் போகிற வேகத்தில் கடல் உள்ளே நுழைய முடியாது.

இப்போது காயலின் மடியிலேயே ஒரு வயல் வந்துவிட்டது. மற்ற எல்லா வயலையும்விட அது தாழ்வு. ஐப்பசியில் முதல் மழை பெய்து காயல் கொஞ்சம் உயர்ந்ததும் வரம்பில் ஓட்டை விழுந்து நாற்று மூழ்கிவிட்டது. மேலே உள்ள வயல்களுக்கு ஒன்றுமில்லை. ஆறு இன்னும் வரவே இல்லை. ஆனால் காரியஸ்தர் சோறு தின்னாமல் வரம்பில் மேலும் கீழும் நடந்தார். முதலாளியிடமிருந்து காலையும் மாலையும் ஆள் வந்துகொண்டிருந்தது. பொழியை வெட்டி வயலைத் தப்புவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நாளும் பார்த்தார்கள். பௌர்ணமி. நிறைந்த நாள், நல்ல காரியம் தொடங்க ஏற்ற நாள் என்று பஞ்சாங்கம் பார்த்தவர் சொல்லிவிட்டார்.

முந்தின சாயங்காலம் அக்கா உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நீயும் போறியா?"

"போறேன். எல்லாரையும் கூப்பிட்டிருக்கு."

"எனக்க கெணத்துக்கு மேல நீயே மம்பட்டி வைக்கப் போற."

"நான் போவாட்டா வேற ஒருத்தன் போவான் அக்கா."

"போவான். அவன் எனக்க வீட்டுல சோறு தின்ன மாட்டான்."

சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். தின்றேன்.

காலையில் பொழிக்குப் போனபோது கடற்கரைக்காரர்கள் சிலர் வலையைப் பிரித்துப்போட்டுச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்த நாளிலேயே எனக்குப் பழக்கமான ஒருவர் அவர்களில் இருந்தார். எங்கள் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன மக்கா, பொழி வெட்டவா? வாவு அன்னைக்கா வெட்டுகிய?"

வாவு என்றால் அவர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும். அந்த நாள்களில் கடல் மற்ற நாளைவிட ஏறும் என்பது கடற்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வயல் பக்கத்தில் பிறந்தவர்கள் கடலை அமாவாசைக்குத் தலை முழுகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"ஏன், வெட்டினா என்ன ஆவும்?" என்றேன்.

"என்ன ஆவும்? கடலு ஒங்க வயலப் பாக்க வரும். கூடவே எறாலும் வரும். எங்களுக்குக் கொள்ளாம். வெட்டுங்க, வெட்டுங்க."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் வலைக்கண்ணிலிருந்து தலையைத் தூக்காமலே, "நெல்லுக்கு உப்புப் போட்டு வெளையட்டும்ல" என்றார்.

நான் திரும்பி ஓடிக் காரியஸ்தரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, கடல் வற்றுகிற நாளாகப் பார்த்து வெட்டலாமே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் பிடிக்கவன் நாள் குறிச்சுத் தந்து நெல்லு நட வேண்டிய காலம் வந்துட்டோ? ஓய், நாத்து தண்ணிக்குள்ள கெடந்து அழுகுகு. நீரு வாவ பாக்கேரு, நான் வயல பாக்கேன். வெட்டுகேரா, வீட்டுக்குப் போறேரா?"

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அந்த நாற்று அழுகினால் அவருடைய வேலையும் போகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நான் வெட்டினேன்.

தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி முதல் வெட்டு வெட்டினார்கள். வரிசையாக நின்று மணலைக் கோரிப் போட்டோம். கடல் அப்போது தணிந்திருந்தது. சின்னக் கால்வாயாக ஆரம்பித்த தண்ணீர் இரண்டு பக்கமும் மணலை அறுத்துக்கொண்டு அகலமானது. காயல் தண்ணீர் கடலுக்குள் பழுப்பு நிறமாக விரிந்து போவதைப் பார்த்து எல்லோரும் கூவினார்கள். காரியஸ்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிற்பகல் நீரோட்டம் மெதுவாகி நின்றது. ஒரு சருகு வெட்டுவாயில் சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு அது வடக்கு நோக்கி, எங்களைக் கடந்து, காயலுக்குள் போக ஆரம்பித்தது. அதன் பின்னால் நுரை. நுரைக்குப் பின்னால் தெளிந்த நீலத் தண்ணீர், ஆற்று வழியில் ஏறி வருகிறவன் மாதிரி அவசரமில்லாமல் வந்தது. நாங்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றோம். கடற்கரைக்காரர்கள் மட்டும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்தப் பழக்கக்காரர் போகிற போக்கில் ஒரு கோர்வை மீனை என் கையில் வைத்து, "வெட்டினவனுக்கு இது கூலி" என்றார்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது கடல் மீனுல்லா. எங்க கெடச்சுது?"

"காயல்ல."

அவள் மீனைச் சட்டியில் திரும்ப வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த வாய்த் தண்ணீரை விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். "ஒண்ணும் இல்ல" என்றாள். அதற்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தோன்றியது. இருந்தும் நானும் போய்க் குடித்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்கு அது வேலையாகிவிட்டது. காலையில் எழுந்ததும் அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஆறு வரவில்லை. மழை மலையில் இருக்கிறது என்றார்கள், தோவாளை வரை வந்துவிட்டது என்றார்கள், நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் வானம் வெளிறிக் கிடந்தது. வெட்டிய வாய் மூடவுமில்லை. கடல் ஏறும்போது காயல் கடல், இறங்கும்போது சேறு. புதிய வயலின் வரம்போரத்தில் நாற்றின் நுனி சிவக்கத் தொடங்கியது. எனக்கு வேலை நின்றுபோனது. வேறு நாளாயிருந்தால் நான் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பேன். காலையில் அவள் கிணற்றடியில் தனியாக நிற்பதை நினைத்து இருந்துவிட்டேன்.

தினமும் ருசி பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தோம். அதுதான் தப்பு. கரிப்பு ஒரே நாளில் வருவதில்லை. நேற்றைத் தண்ணீரைவிட இன்றைத் தண்ணீர் ஒரு இம்மி மாறியிருக்கும். அந்த இம்மிக்கு நாக்கு பழகிவிடும். எங்கள் நாக்கை நம்ப முடியவில்லை என்று உணர்ந்தபோது அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "வெப்ராளமா இருக்கு மக்கா" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வாள். தண்ணீர் எடுக்க வரும் பெண்களைக் கேட்டோம். அவர்கள் வீட்டுச் சவர்த் தண்ணீருக்கு முன்னால் இது எப்போதும் தித்திப்புத்தான். "ஒங்க வெள்ளத்துக்கு என்ன கொறச்சல்?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

வெளியூர்க்காரர்களைக் கேட்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. சாமித்தோப்புப் பதிக்கு அய்யாவைக் கும்பிட நடந்து போகிறவர்கள் அந்த வழியாக வருவார்கள். கூப்பிட்டு உட்காரவைத்துச் செம்பில் தண்ணீர் கொடுப்போம். அவர்கள் அண்ணாந்து குடிக்கும்போது தொண்டையைப் பார்ப்போம், புருவத்தைப் பார்ப்போம். குடித்து முடித்து, "நல்ல தண்ணி தாயீ, அய்யா ஒன்ன நல்லா வைப்பாரு" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மிஷன் சபையின் உபதேசியார் ஒருவர் சைக்கிளை நிறுத்தி வாங்கிக் குடித்துவிட்டு, இந்தத் தண்ணீருக்காக ஒரு குட்டி ஜெபமே செய்தார். அக்கா கண்ணை மூடி நின்றாள். அவர் போனபின், "பாத்தியா? வெள்ளம் கொள்ளாம்" என்றாள். பல நாளுக்குப்பின் அவள் தலையில் எண்ணெய் வைத்துச் சீவினாள்.

ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதில் குறை சொல்கிறவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. மோர் புளித்திருந்தால் சொல்லலாம், குழம்பில் உப்பு கூடினால் கேலி செய்யலாம். தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரைப் பழிப்பது பெரிய பாவமாக நினைத்திருந்தார்கள். இது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நாங்களும் அப்படித்தான் எத்தனையோ வீட்டில் கலங்கல் தண்ணீரைக் குடித்து நல்லதென்று சொல்லியிருக்கிறோம். இருந்தும் அந்தச் சமயத்தில் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்றும் சொல்லலாம்.

அந்தத் தைரியத்தில் அக்கா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நெல் இறக்கினாள். மழை பிடித்துக்கொண்டால் யாராலும் நெல்லை உலர்த்த முடியாது, அரிசி ஓடும் என்று கணக்கு. வண்டிக்காரர் மூட்டைகளை இறக்கி வைத்தார். நான் சால்களை நிரப்பினேன். நெல்லைக் கொட்டி, பதரை அரித்து வீசிவிட்டு அக்கா கை கழுவி, வண்டிக்காரருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து, "சுசீந்திரத்து தெப்பக்குளம் தோத்துது அக்கா" என்றார். அவள் வெட்கப்பட்டு, மாட்டுக்கும் வை என்று ஒரு வாளியை என்னிடம் தந்தாள்.

வாளியை மாட்டின் முன்னால் வைத்தேன். வெயிலில் வந்த மாடு. குனிந்து மூக்கை வைத்தது. மூச்சு விட்டது, தண்ணீரில் வட்டம் போயிற்று. பிறகு தலையைத் தூக்கி வேறுபக்கம் திருப்பிக்கொண்டது. வண்டிக்காரர் நாக்கைச் சொடுக்கி, கழுத்தைத் தட்டி, வாளியை மூஞ்சியில் தூக்கிப் பிடித்தார். அது பின்னால் நகர்ந்தது. மற்ற மாடும் அப்படியே.

"கள்ளச் சவம். வழியில குடிச்சிருக்கும்" என்றார் வண்டிக்காரர், அவசரமாக.

"வழியில எங்க குடிச்சு?" என்றாள் அக்கா.

அவர் நுகத்தைச் சரி செய்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, நெசம் சொல்லும். எனக்க பொழப்பு இது. கரிக்குதா?"

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். "போன தடவையே கொஞ்சம் இருந்துது" என்றார்.

சால்களில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவிக்காமல் விட்டால் முளைத்துவிடும். அக்கா அவித்தாள். இரண்டு பேரும் உலர்த்தினோம், குத்தினோம். கோட்டாற்றுச் சந்தையில் மூட்டையைப் பிரித்தபோது அரிசி பார்ப்பதற்கு எப்போதும்போல் சிவந்து அழகாகத்தான் இருந்தது. எப்போதும் வாங்குகிற ஒரு மீன்காரி வந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். மென்றவள் துப்பினாள்.

"ஏட்டி, என்னட்டி இது? நான் கடலோட கெடக்கவ, எனக்கே உப்புக் கரிக்கி! ஒனக்க அரிசிய வாங்கினா கொழம்புக்கு உப்பு வேண்டாம் போலிருக்கே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். அன்று விற்றது கொஞ்சம். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். சில நாளில் மூட்டைக்குள் கை விட்டால் ஈரம். பிறகு கட்டி. அதை நாங்கள்தான் தின்றோம், கோழிகளும் தின்றன.

கார்த்திகையில் ஆறு வந்தது. காயல் ஒரே இரவில் பழுப்பாகி, கடலைத் தள்ளிக்கொண்டு போயிற்று. புதிய வயலின் வரம்பில் பாதியையும் அது கொண்டு போயிற்று. காரியஸ்தரை அதற்குப்பின் அந்தப் பக்கம் காணவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். காயல் தண்ணீரை அள்ளிக் குடித்தால் உப்பே இல்லை. கிணறு மட்டும் திரும்பவில்லை. அக்கா இறைத்துக் கொட்டச் சொன்னாள். இறைத்தேன். ஊறியது. அதே கரிப்பு. மறுபடி இறைத்தேன். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு வடக்கே, தூரத்துக் குளத்துக்கு நடப்பார்கள். யாரும் வெள்ளம் என்று சொல்லிச் சிரிக்கவில்லை.

என் உப்பளக் கூலியில் ஓராண்டு ஓட்டினோம்; மறு ஆண்டு மழை ஓய்ந்தபின்னும் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்றேன். அவள் கேட்டாள், "ஒனக்க நாக்கா சொல்லுகு, மனசா?" அப்போது வேறொரு காரியஸ்தர் கல்வரம்பு கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த முறை சதுப்பின் மறுபாதியையும் சேர்த்து. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான் அக்கா சால்களை வைக்கோல் பிரி சுற்றிக் கட்டச் சொன்னாள்.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே, சானல் கரையில், எங்கள் ஆட்கள் குடியிருந்த ஒரு வரிசை வீடுகளின் கடைசியில் ஓலைக்கூரை இறக்கிய ஒரு சாய்ப்பு கிடைத்தது. சானலில் மேல்படித்துறை மேல்சாதிக்காரர்களுக்கு; எங்களுக்கு இல்லை. கீழே, மாடு குளிப்பாட்டுகிற இடத்தை ஒட்டி ஒரு இறக்கம், அதுதான் எங்களுக்கு. தண்ணீர் என்னவோ மலைத் தண்ணீர். அக்கா சால்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, முதல் ஊறல் போட்டாள். அரிசி நன்றாக வந்தது. அந்த வரிசை வீட்டுக்காரிகளே வந்து நாழி நாழியாக வாங்கினார்கள். எனக்கு மூச்சு வந்தது. இனி நான் போகலாம் என்று நினைத்தேன்.

நெல் ஊறின தண்ணீரின் நாற்றம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். ஒருநாள் வைத்தால் செத்த எலி வாடை. மணலில் அதைக் கொட்டினால் மணல் குடித்துவிடும்; பழைய வீட்டில் அதைப்பற்றி யாரும் நினைத்ததே இல்லை. இங்கே களிமண். அக்கா சால் தண்ணீரைச் சானல் சரிவில் ஊற்றினாள். ஒருநாள் காலையில் வரிசையின் மறுகோடி வீட்டுப் பெண் ஈரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னும் சிலர்.

"எக்கா, இந்தப் பிள்ளைய மோந்து பாரு."

அக்காவுக்குப் புரியவில்லை.

"மோந்து பாருங்கேன்! குளிப்பாட்டிட்டு வாறேன், நெல்லு அழுகின நாத்தம். ஒங்க ஊருத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு இங்க வந்தீயளே, எங்க தண்ணிய கெடுத்தா நாங்க எங்க போவோம்?"

பின்னால் நின்ற ஒருத்தி, "அரிசி வாங்க மட்டும் தேடி வாறோம், ஊறல் தண்ணிக்குச் சண்டை போடுகோம்னு நெனைக்காத. பிள்ளைக்கு மேலு சொறியுது" என்றாள் கொஞ்சம் இறங்கிய குரலில்.

அக்கா அந்தப் பிள்ளையின் தலையில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். "எங்க ஊத்தணும்ணு சொல்லுங்க, அங்க ஊத்துகேன்" என்றாள்.

வரிசைக்குப் பின்னால் ஒரு ஓடை இருந்தது. வயல் வடிகிற ஓடை. அதில் ஊற்றச் சொன்னார்கள். அன்று நான்தான் குடத்தைத் தூக்கினேன். ஓடைக் கரையில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இது எங்க போவுது?"

"கீழ சானல்ல சேரும். இல்லாட்டா ஆத்துக்கு."

"கீழ ஆளு இருக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன். தென்னந்தோப்புக்கு அப்பால் கூரைகள் தெரிந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் துணி காய்ந்தது. இருக்கிறது என்றேன்.

குடத்தை அவள் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாய்ப்பின் பின்பக்கம் போய், மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒரு குழி வெட்டினேன். களிமண், இறுகிக் கிடந்தது. மண்வெட்டி தட்டித் தட்டித் திரும்பியது. ஊறின தண்ணீரை அதில் ஊற்றினோம். மணல் மாதிரி அது குடிக்கவில்லை. மேலே நின்று நுரைத்தது. ஈ மொய்த்தது. ஓலையால் மூடி வைத்தோம். வடிந்து முடிவதற்குள் அடுத்த ஊறலுக்கு நாள் வந்துவிட்டதால் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டினேன். பிறகு வேலியோரத்தில் ஒன்று.

அந்த வரிசைப் பெண்கள் அரிசி வாங்குவதை நிறுத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் தினமும் குளிப்பாட்டிவிட்டு, சாய்ப்பின் வாசலில் நின்று, பிள்ளையின் தலையை முகர்ந்து காட்டிவிட்டுப் போவாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் அக்கா அடுத்த மூட்டை நெல்லுக்கு ஆள் சொல்லி விடுவாள். அவள் முகம் கொஞ்சம் மாறினாலும் அக்கா அன்றைக்கு ஊறல் போடமாட்டாள்.

நான் கிளம்பவில்லை. குழிகள் முற்றத்தைத் தாண்டி உரல் கிடந்த இடம்வரை வந்துவிட்டன. காலையில் அக்கா வெளியே வந்து, ஒவ்வொரு ஓலையாகத் தூக்கி எந்தக் குழி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு மிச்சம் கிடக்கும் தரையைக் காலால் அளந்து, ஓரிடத்தில் நின்று, "இங்க வெட்டு" என்பாள்.